அறுபத்தொன்றாம் வரி

அந்த மாதத்தில் பத்தொன்பதாவது பெயர் அறுபதாம் வரியில் வந்து உட்கார்ந்தது. தேனிப் பக்கத்து ஆள், வயது முப்பத்தெட்டு, பதிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. கீழேயிருந்து வந்தவன், அறுபத்தொன்றைத் தாண்டி ஏறியிருந்தான். ஒரு நாள் அங்கே இளைப்பாறிவிட்டு ஐம்பதுகளுக்குள் போய்விடுவான். முன்னால் வந்த பதினெட்டுப் பேரும் அப்படித்தான் போனார்கள். அறுபத்தொன்றில் மட்டும் பதினான்கு மாதமாக ஒரே பெயர். மச்சக்காளை, கல்லுடைப்பு, கரடுப்பட்டி.

பஞ்சவர்ணம் இரும்பு முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பெயர். அவள் கண் நின்ற வரியின் ஓரத்தில் பட்டியல் சுவர் லேசாக மஞ்சள் காட்டியது. யார் எந்த வரியைப் பார்க்கிறார்கள் என்பது சுவருக்குத் தெரியும். அவளுக்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து முக்காலிகள், ஐந்து ஜோடிக் கண்கள், ஐந்து மஞ்சள் கோடுகள். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டுவரை, ஊர்ப் பெயர்களை மாறி மாறிப் பார்ப்பது இவர்கள் முறை. அப்புறம் அடுத்த ஆட்கள் வருவார்கள். சமுதாயக்கூடத்துச் சுவர் ஒரு நிமிஷம்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. முறை இல்லாதவர்கள் வீட்டில் இருந்தபடி கைப்பலகையில் அதே பட்டியலைப் பார்த்தார்கள்.

கரடுப்பட்டியில் நாற்பத்திரண்டு பேருக்கு நெஞ்சு போயிருந்தது. கல் தூசி உள்ளே போய் சிமெண்டு மாதிரி இறுகிக்கொள்ளும், மருந்துக்குக் கரையாது. அதற்குத்தான் வளர்நுரை வந்தது. ஆளின் சதைத் துணுக்கைத் தொட்டியில் போட்டு அவனுக்கென்றே ஒரு நுரையீரலை வளர்த்துத் தருகிறார்கள். வரிசை வந்துவிட்டால் வாசலுக்கே வண்டி வரும். வளர்ப்பகத்தில் படுக்கவைத்து, நுரை வளரும்வரை பெரிய இயந்திரத்தால் மூச்சுவிடவைத்துக் காப்பாற்றிவிடுவார்கள். ஏறிப் போனவன் யாரும் செத்ததில்லை. வண்டி வருவதுதான் பாடு. தொட்டிகள் கொஞ்சம், நெஞ்சு போனவர்கள் ஏராளம். அதனால் பட்டியல்.

மச்சக்காளை வீட்டில் மூச்சுப்பெட்டியோடு கிடந்தான். பெட்டிக்கு ஒன்பது படி. போன தையில் ஐந்தில் இருந்தது, இப்போது எட்டு. ஒன்பதுக்கு மேல் இதில் ஒன்றும் இல்லையம்மா என்று செவிலி போன வாரம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் குரலில் வருத்தம்கூட இல்லை, அவ்வளவு வீடுகளில் அதையே சொல்லியிருந்தாள்.

சுவரில் தெரிவது பட்டியலின் படம் அல்ல, பட்டியலே அதுதான். இது புரியவே கரடுப்பட்டிக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. முன்பெல்லாம் ஒரு குமாஸ்தா இருந்தான். இதை எடு, அதை நகர்த்து, இவனைக் கூப்பிடு என்று இயந்திரத்துக்குப் படிப்படியாகச் சொன்னான், படிக்குப் படி கையையும் வைத்தான். நிலைச்சொல் முறை வந்த பிறகு யாரும் எதையும் செய்யச் சொல்வதில்லை. எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவைத்துவிடுகிறார்கள். தேவையும் பதிந்த தேதியும் பார்த்து வரிசை நிற்க வேண்டும் என்று ஒரு நிலைச்சொல். முதல் ஐந்து வரிகளுக்குத் தொட்டி தயாராக இருக்க வேண்டும் என்று இன்னொன்று. அந்தச் சொல் மெய்யாக இருக்கும்படி எல்லாவற்றையும் மாற்றிவைப்பது இயந்திரத்தின் வேலை. வண்டி, தொட்டி, மருத்துவரின் நாள், எல்லாமே சுவர் வரிசையைப் பார்த்துத்தான் அசைந்தன. ஒருவனுடைய பெயர் எங்கே நின்றதோ அங்கேதான் அவனும் நின்றான்.

அப்படியானால் நாற்பத்திரண்டு பெயரும் ஏன் அசையவில்லை? எவனோ கை வைக்கிறான். கரடுப்பட்டி அதில் சந்தேகமே படவில்லை. எவன் என்பதில்தான் சந்தேகம்.

பார்த்துக்கொண்டே இருப்பது இந்த ஊருக்குப் பழக்கம். குவாரியில் கீழே பத்துப் பேர் கல் பெயர்த்தால், எதிர்மேட்டில் ஒரு ஆள் மேல்பாறையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். மேல்கண் என்று பெயர். பிளவு விரிந்தால், ஒரு கூழாங்கல் உருண்டால், மேல்கண் குரல் கொடுக்கும், கீழே உள்ளவர்கள் சிதறி ஓடுவார்கள். கண்ணை எடுத்தால் ஆள் சாவான். பஞ்சவர்ணம் பத்தொன்பது வருஷம் மேல்கண்ணாக நின்றவள். அவள் நின்ற நாளில் ஒரு உயிர் போனதில்லை. மச்சக்காளை அவள் கண்ணுக்குக் கீழேதான் அத்தனை வருஷமும் கல் உடைத்தான். தலையை ஒரு தடவைகூட நிமிர்த்திப் பார்த்ததில்லை.

மேல்கண் தன் முறையில் இடத்தை விட்டுப் போனால் அதற்குத் தண்டனை கண்விலக்கு. அந்த வீட்டு ஆளுக்கு மேலே இனி யாரும் பார்க்க மாட்டார்கள். தனியாகப் போய் உடைக்கலாம், செத்தால் சாகலாம். பட்டியல் சுவர் வந்ததும் இந்தச் சட்டமும் கூடவே குவாரியிலிருந்து கூடத்துக்கு ஏறிவந்தது.

வீரணன் அப்படி விலக்கப்பட்டவன். முக்காலியில் தூங்கி விழுந்தான், எழுப்பினவனை அடித்தான். அவன் பெயரைப் பார்ப்பதை ஊர்ச் சங்கம் அன்றோடு நிறுத்தியது. நாலாம் நாள் அவன் வாசலில் வண்டி வந்து நின்றது. இப்போது புது நுரையோடு குவாரிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். ஊரில் ஒருவரும் அவனோடு பேசுவதில்லை. யாரையோ பிடித்துக் காரியம் பார்த்துவிட்டான் என்பது பேச்சு.

அன்று மதியம் முறை முடிந்ததும் பஞ்சவர்ணம் நேரே அவனிடம் போனாள். யாரைப் பிடித்தான் என்று கறந்துவிட வேண்டும், முடியாவிட்டால் சட்டையைப் பிடித்தாவது.

வீரணன் வேலமர நிழலில் உட்கார்ந்திருந்தான். அவள் வருவதைக் கண்டு எழுந்திருக்கவில்லை.

"மேல்கண்ணு மகராசி இந்தப் பக்கம் வந்திருக்கு. வழி தப்பிருச்சா?"

"யாரப் புடிச்சீகன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அதத்தான் ஊரே கேக்குது. நேருல கேக்கத்தான் ஒருத்தருக்கும் ஆம்பளத்தனம் இல்ல. நீயாச்சும் வந்த." அவன் ஆழமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டான், அவளுக்குக் காட்டுவதற்காகவே. "ஒருத்தனையும் புடிக்கல. நீங்க என் பேர விட்டீக. கோவத்துல கைப்பலகையப் பாறையில அடிச்சு நானும் விட்டேன். இனிச் சாவுறதுதான்னு குப்புறப் படுத்துக் கெடந்தேன். நாலா நாளு வண்டி வந்து ஆரன் அடிக்கிறான்."

அவள் நம்பவில்லை. பொய்க்காரன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினாள். ஆனால் திட்டிக்கொண்டு நடந்த வழி முழுக்க, நாலாம் நாள் என்ற சொல் செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்தியது.

மறுநாள் முக்காலியில் உட்கார்ந்ததும் அவள் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். அறுபத்தொன்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டு, எழுபத்தைந்தாம் வரியில் கண்ணை நட்டாள். அது யாரோ ஒரு தறிக்காரன், விருதுநகர். முந்தின நாள்வரை தன் பாட்டுக்கு ஏறி வந்துகொண்டிருந்தவன். அவள் பார்க்கத் தொடங்கியதும் நின்றான். எட்டு மணி நேரம் நின்றான். அவனுக்குக் கீழே இருந்தவர்கள் ஆற்றில் பாறையைச் சுற்றித் தண்ணீர் போவதுபோல அவனைச் சுற்றி மேலே போனார்கள்.

இரண்டு மணிக்குக் கண்ணை எடுத்தாள். அந்தத் தறிக்காரன் வீட்டிலும் ஒரு மூச்சுப்பெட்டி இருக்கும். அதில் ஒரு நாளை அவள் தின்றுவிட்டாள். ஒரு நாளோ, எத்தனை நாளோ.

நிலைச்சொல் மையம் தாலுகா ஊரில் பழைய நெல் கிடங்கு ஒன்றில் இருந்தது. பலகைப் பொறுப்பாளன் பெனடிக்ட் ஒல்லியான ஆள். அவள் போனபோது மேசையில் புளிச்சோற்றைத் திறந்துவைத்திருந்தான். அவள் கேட்டதைக் கேட்டதும் மூடிவைத்துவிட்டான். எழுந்துபோய்க் கதவையும் சாத்தினான். அந்தக் கதவு சாத்தியது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் எதற்குக் கதவைச் சாத்துகிறான்?

அவன் முதலில் வேறு எதையோ சுற்றிச் சுற்றிப் பேசினான். பிறகு சொன்னான். படமாக மட்டும் இருந்த பட்டியல்களில் இது பழைய வசதிதான். ஆள் படித்துக்கொண்டிருக்கும்போது மேலே புதுசாக ஏதாவது நுழைந்தால் படிக்கிற இடம் துள்ளும். துள்ளாமல் இருக்க, கண் நிற்கும் வரியைப் பிடித்துவைத்து மற்றதைச் சுற்றிலும் நகர்த்துவார்கள். கண்பிடி என்று அதற்குப் பெயர். ஆள் பலகையை மூடிவிட்டுப் போனாலும், திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து பார்க்கட்டும் என்று அந்த இடத்தை மூன்று நாள் ஞாபகம் வைத்திருக்கும். அது இடநினைவு. படத்தில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இங்கே படமும் வரிசையும் ஒன்றாகிவிட்டதே.

"பார்த்துக்கிட்டிருக்கிற வரி நழுவக் கூடாதுன்னு ஒரு நிலைச்சொல் இருக்கும்மா. அது மெய்யா இருக்கணும்னா இயந்திரத்துக்கு ஒரே வழிதான். வரிய அசைக்காம விடுறது."

"தேதிப்படி வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல. அது பொய்யாகலையா?"

"ரெண்டும் மோதுனா பார்க்கிறவரோட சொல்லுக்குத்தான் முதலிடம். அப்படி எழுதியிருக்கு." அவன் புளிச்சோற்றை ஓரமாக நகர்த்தினான். "எழுதச் சொன்னதே உங்க ஊருதான்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. வராமல் எப்படி இருக்கும். பட்டியல் வந்த புதிதில் வரிகள் வழுக்கின. அப்பனின் சிகிச்சைக்குச் சம்மதம் என்று முத்திருளன் மகள் விரல் வைத்த நொடியில் வரி ஒரு படி இறங்க, சம்மதம் அடுத்தவனுக்குப் போய் முத்திருளன் செத்தான். சங்கத்தலைவர் சோணைமுத்து ஊரைத் திரட்டிக்கொண்டு வந்து இதே கிடங்கு வாசலில் ஆறு நாள் உட்கார்ந்தார். நாங்கள் பார்க்கும் வரி எங்கள் கண்ணுக்குக் கீழே நழுவக் கூடாது, எந்தச் சொல்லும் இதற்கு மேலே போகக் கூடாது. அதுதான் கோரிக்கை. எழுதிக் கொடுத்த காகிதத்தில் இரண்டாவது கையெழுத்து பஞ்சவர்ணத்துடையது. ஜெயித்த அன்று ஊரில் வெடி போட்டார்கள்.

மாற்ற முடியாதா என்றாள். கேட்டவர்களே திரும்ப வந்து வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் முடியும் என்றான். தான் மேலிடத்துக்கு மூன்று தடவை எழுதியதாகவும், எல்லா நிலைச்சொல்லும் மெய்யாகவே இருக்கிறது, பழுது ஒன்றும் இல்லை என்று மூன்று தடவையும் பதில் வந்ததாகவும் சொன்னான். அது இல்லாமல் வேறு வழி வேண்டுமென்றால், மூன்று நாள் முழுக்க ஒரு கண்ணும் அந்த வரியில் படக் கூடாது. பிடி விட்டுப்போகும். தேதிப்படி மச்சக்காளைக்கு உரிய இடம் இரண்டாவது வரி.

"ரெண்டாவதா?"

"பிடி விட்ட அன்னைக்கே வண்டி வந்திரும்மா."

சங்கத்தலைவர் சோணைமுத்து எழுபதைத் தொட்டவர். மச்சக்காளைக்குப் பெரியப்பா மகன். அவருக்கும் நெஞ்சு போய்த்தான் இருந்தது, அவர் பெயர் நூற்றுநான்கில் நின்றது. பஞ்சவர்ணம் சொன்னதை இருமிக்கொண்டே முழுசாகக் கேட்டார். பிறகு, அந்தப் பெனடிக்ட் கதவைச் சாத்திவிட்டா பேசினான் என்று கேட்டார். ஆமாம் என்றாள். பொய் சொல்லத் தெரியவில்லை.

"நாம கண்ண எடுக்கணும்னு அவன் சொல்லுறான். எந்தத் திருடன் தாயி நம்மளப் பார்த்துக்கிட்டே இருன்னு சொல்லுவான்?"

அவள் தறிக்காரனைப் பற்றிச் சொன்னாள். அவர் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். நீ பார்க்கும் வரியை வேண்டுமென்றே நிறுத்திக் காட்டியிருப்பான், நீ இப்படி வந்து சொல்ல வேண்டும் என்பதற்காக. எதைச் சொன்னாலும் அந்தக் கணக்குக்குள் போய் உட்கார்ந்தது. கடைசியில், எங்கள் வரியை மட்டுமாவது மூன்று நாள் விட்டுவிடுங்கள் என்று கேட்டாள். சோணைமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். பாறைப் பிளவைப் பார்க்கிற பார்வை.

"ஒன் வரிய மட்டும். அது ஏன் தாயி? அவன் ஒனக்கு என்ன தாரேன்னான்?"

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பெட்டி எட்டில் இரைந்துகொண்டிருந்தது. இனி யாரையும் கேட்டுப் பிரயோஜனமில்லை. கேட்டால் பார்ப்பார்கள். இந்த ஊர் ஒரு வரியிலிருந்து கண்ணை எடுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அதை வீரணன் தெரியாமல் செய்தான், அவள் தெரிந்து செய்ய வேண்டும்.

மச்சக்காளையிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். அவனுக்கு வாய் நிற்காது. சோணைமுத்துவை அண்ணன் அண்ணன் என்று உருகுகிறவன். அவர் ஜன்னலோரம் வந்து நலம் கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். விலக்கு தண்டனையல்ல, அவள் கேட்ட வரம் என்று தெரிந்தால் அந்தக் கிழவர் அடுத்த நிமிஷமே விலக்கை எடுத்துவிடுவார். வண்டி வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் காலை ஏழு வயசு கூடினவள்போல எழுந்து முகம் கழுவினாள்.

பத்து மணி வெயிலில் கூடம் நிறைய ஆள் இருந்தது. அவளே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள். முக்காலியிலிருந்து எழுந்தாள். சுவருக்கு முதுகைக் காட்டினாள். பக்கத்து முக்காலி நாகரத்தினம், ஒண்ணுக்கா மதினி, நான் பார்த்துக்கிறேன் போயிட்டு வாங்க என்றாள். இல்லை என்றாள் பஞ்சவர்ணம்.

"எனக்கு அலுத்துப்போச்சு. நான் போறேன்."

பத்தொன்பது வருஷம் கழுத்து வலிக்க வலிக்க நிமிர்ந்து நின்றவளை இனி இந்த ஊர் முறையை விட்டு ஓடினவள் என்றுதான் சொல்லும். செத்த பிறகும் அதைத்தான் சொல்லும். வாசலைத் தாண்டியதும் ஒருத்தி காறித் துப்பிய சத்தம் கேட்டது.

மதியத்துக்குள் சோணைமுத்து அறிவித்துவிட்டார். மச்சக்காளை வீட்டுக்குக் கண்விலக்கு. அறுபத்தொன்றாம் வரியின் மேல் கரடுப்பட்டிக் கண் படக் கூடாது. சுவரில் அந்த உயரத்துக்கு ஒரு சாக்கைத் தொங்கவிட்டார்கள். பஞ்சவர்ணத்துக்கு அதில் சந்தேகம் இல்லை. இந்த ஊர் எவனையும் நம்பாது, ஆனால் சொன்ன தண்டனையை ஒரு நூல் பிசகாமல் நிறைவேற்றும். தன் கைப்பலகையை அவள் பெனடிக்ட் மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். தன் கண்ணை அவளே நம்பவில்லை.

முதல் நாள் போனது. இரண்டாம் நாள் பெட்டியை ஒன்பதில் வைக்க வேண்டியதாயிற்று. மச்சக்காளை அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான். மூச்சு இல்லாததால் என்று அவள் நினைத்தாள். கண்விலக்கை ஜன்னல் வழியாக யாரோ அவன் காதில் போட்டிருந்தார்கள், அது தெரிந்தது. கேட்பான் என்று காத்திருந்தாள், அவன் கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியே படுத்திருந்தான். கஞ்சி கொடுக்கும்போது மட்டும் திரும்பி அவள் கையை, கிண்ணத்தை, மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான்.

நாலாம் நாள் விடிந்ததும் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். அவனுடைய இரண்டு வேட்டியை மடித்துப் பையில் வைத்தாள். பத்து மணிக்கு ஒரு வண்டி வந்தது. தண்ணீர் லாரி. மாலைவரை வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாளும் வண்டி வரவில்லை. போய்ச் சுவரைப் பார்த்துவிட்டால் என்ன என்று கால் அரித்தது. பார்த்தால் அதோடு போச்சு. பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பேசியவனின் முகம் நினைவுக்கு வந்தது. சோணைமுத்து சொன்னதுதான் நிஜமோ? அவள் கண்ணை எடுத்த மூன்று நாளில் அந்த ஒல்லியன் வரியைத் தூக்கி எவனுக்காவது கொடுத்துவிட்டானோ?

கஞ்சியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, கல் லாரி ஒன்றை மறித்து ஏறித் தாலுகா ஊருக்குப் போனாள். பெனடிக்ட் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, என் புருஷன் வரியை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டாள்.

அவன் கோபப்படவில்லை. வரியைத் திறக்காமல், எந்தக் கண் எங்கே நிற்கிறது என்று மட்டும் காட்டும் ஏட்டைத் திறந்தான். அது பார்வையில் சேராது என்றான். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தான்.

"யாருக்கும் போகலம்மா. அங்கேதான் நிக்குது. பிடி விடல."

"ஊரே விட்டிருச்சு. சாக்குத் தொங்கப்போட்டிருக்காக."

"ஊரு விட்டிருச்சு, உண்மைதான். நாற்பது கண்ணு இருந்த இடத்துல ஒண்ணுகூட இல்ல. இது புதுசா ஒரு கண்ணு. அஞ்சு நாளா இருக்கு. ராத்திரி பகல்னு இல்லாம அரை மணிக்கு ஒருதடவை வந்து நிக்குது."

"யாருது?"

அவன் ஏட்டை அவள் பக்கம் திருப்பினான். அதிலுள்ள குறிகள் அவளுக்குப் புரியாது என்பது ஞாபகம் வந்து மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"உங்க வீட்டுலேர்ந்துதாம்மா."

திரும்பி வரும்போது லாரியில் அவள் ஒன்றும் நினைக்கவில்லை. ஜல்லி ஏற்றாத வண்டி, குழிக்குக் குழி தூக்கிப் போட்டது.

உள்ளே வந்தபோது மச்சக்காளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பெட்டி அவனுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. அதன் பக்கவாட்டில் காற்றின் அளவைக் காட்டும் உள்ளங்கை அகலத் திரை ஒன்று உண்டு. அதை அவள் எண்ணுக்காக மட்டுமே பார்த்திருக்கிறாள். அவன் விரலால் அதைத் தொட்டுத் தள்ளினான், எண் போய்ப் பட்டியல் வந்தது. நோயாளிக்கு வசதியாக இருக்கட்டும் என்று எவனோ செய்துவைத்திருந்தான். அவன் முகத்துக்கு நேரே ஒரு வரியின் ஓரத்தில் மஞ்சள் எரிந்தது.

"மாமா."

அவன் திடுக்கிடவில்லை. திரையை மறைக்கவும் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்துப் பேசினான்.

"நீ கண்ண எடுத்துட்ட வர்ணம். ஊரு எடுத்துச்சு, சரி. நீ எடுத்துட்ட. அலுத்துப்போச்சுன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னியாமே. பதினாலு மாசம் பீயும் மூத்திரமும் அள்ளுனா யாருக்கும் அலுக்கத்தான் செய்யும். நான் குத்தம் சொல்லல. அதான், நானே பார்த்துக்கிடுவோம்னு."

அவள் தரையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வீரணன் சொன்னது, தறிக்காரன் நின்றது, கண்பிடி, மூன்று நாள், இரண்டாவது வரி. முக்காலியிலிருந்து எழுந்தது அவனுக்காகத்தான் என்பதை மூன்று தடவை சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது யாரோ ஜோடித்த கதைபோலக் கேட்டது.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றான். உன்னை நம்பவில்லை என்று எப்படிச் சொல்வாள்?

"சரி, நெசம்னே வச்சுக்கிடுவோம்," என்றான் அவன். "நான் கண்ண மூடிக்கிட்டா வரி மேல போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மாமா."

"கீழ போனாலும் தெரியாது."

"ஆமா."

பெட்டி ஒன்பதில் இரைந்தது. அவனுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. பத்தொன்பது வருஷம் தலையை நிமிர்த்தாமல் கல் உடைத்தவன் அவளை ரொம்பநேரம் பார்த்தான். இதற்கு முன்னால் அவளை அப்படி அவன் பார்த்ததே இல்லை. அவள் அந்தப் பார்வைக்குக் கீழே அசையாமல் இருந்தாள்.

"சரி," என்றான் கடைசியில். "ஒன்ன நம்புறேன். மூணு நாளுதான. ஒரு துணியப் போட்டு இந்தத் திரைய மூடிக் கட்டிரு."

அவள் எழுந்து கொடியிலிருந்து துண்டை உருவினாள். முடிச்சுப் போடுவதற்கு ஓரத்தைக் கிழித்துக்கொண்டு திரும்பினாள். அதற்குள் அவன் கழுத்தை ஒருமுறை திருப்பி, திரையை விரலால் தள்ளி, ஓரம் மஞ்சளாகும்வரை பார்த்துவிட்டிருந்தான். முகம் தெளிந்திருந்தது. துண்டுக்கு இடம் விட்டு நகர்ந்து படுத்துக்கொண்டு, அவள் கேட்காமலே சொன்னான்.

"அங்கேதான் இருக்கு."